சிரட்டைக் கரியா, சாக்கடைச் சேத்துக் கரியா?

வீட்டு ஃபில்டர்ல இருக்கறது பெரும்பாலும் சிரட்டைக் கரி, அழுக்கு ஒட்டுற நுண்துளைப் பரப்பு கிராமுக்கு 1000 சதுர மீட்டர் கிட்ட, விரலால நசுக்கினாலும் உடையாது, குடிக்கிற தண்ணிக்கு என் ஓட்டு இதுக்குத்தான். மத்தது, நம்ம டர்பன் மெர்பேங்க் பக்கம் இருக்கிற சதர்ன் கழிவுநீர் சுத்திகரிப்பு பிளான்ட் மாதிரி இடங்கள்ல ஒதுங்குற சேறு, அதைக் காயவச்சு காத்து படாம 500-700 டிகிரில சுட்டா கரியாகும், ஆனா பாதிக்கு மேல சாம்பல்தான், தொட்டா பொடி கையில ஒட்டும், பரப்பும் ரொம்பக் கம்மி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டு ஆக்டிவேட் பண்ணி (அதாவது சூடாக்கி நுண்துளைகளைத் திறந்து) ஆசிட்ல கழுவினா பரப்பு நல்லாவே ஏறும். வேடிக்கை என்னன்னா, தண்ணில இருக்கிற ஈயத்தைப் பெரும்பாலும் பிடிக்கிறதே அந்தச் சாம்பல்ல இருக்கிற பாஸ்பேட், கால்சியம் தாங்க, கழுவித் தள்ளிட்டா அதுவும் போச்சு! சாயப்பட்டறைத் தண்ணிக்கு சேத்துக் கரி தாராளமா போதும், ஆனா சேத்துலயே துத்தநாகம், செம்பு இருக்கும், கசியுதான்னு டெஸ்ட் பண்ணாம இறக்காதீங்க.