சினாயில் டாங்கி எண்ணும் சேவை: எம்.எஃப்.ஓ. ஒரு மதிப்பீடு

எகிப்து–இஸ்ரேல் எல்லையில் நிற்கும் எம்.எஃப்.ஓ.வை (Multinational Force and Observers, பன்னாட்டுப் படையும் பார்வையாளர்களும்) 'அமைதிப்படை' என்றுதான் செய்திகளில் எழுதுகிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் அது ஒரு கணக்கெடுப்புச் சேவை. வாடிக்கையாளர்கள் எகிப்தும் இஸ்ரேலும். அமெரிக்காவையும் சேர்த்து மூவரும் செலவைச் சமமாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஜப்பான், ஜெர்மனி போன்ற நாடுகள் மேற்கொண்டு கொஞ்சம் போடுகின்றன. அந்தக் காசுக்கு என்ன கிடைக்கிறது?

முதலில் பழைய சேவை எங்கே சொதப்பியது என்று பார்க்க வேண்டும். 1967 மே மாதம் எகிப்து அதிபர் நாசர் 'கிளம்புங்கள்' என்றார், அதுவரை எல்லையில் நின்ற ஐ.நா. படை கிளம்பியது. அப்போது அதன் தளபதி இந்தியரான இந்தர் ஜித் ரிக்யே. அடுத்த சில நாளில் இஸ்ரேல் கப்பல்கள் செங்கடலுக்குப் போகும் வழியான திரான் நீரிணையை எகிப்து மூடியது, ஜூன் 5-இல் போர். மூட்டை கட்டி முடிக்காமல் காசாவில் இருந்த இந்தியச் சிப்பாய்களும் அதில் இறந்தார்கள். ஒரு தரப்பு மட்டும் காவல்காரனை வீட்டுக்கு அனுப்ப முடியக் கூடாது என்பதை எகிப்து–இஸ்ரேல் 1979 சமாதான ஒப்பந்தம் எழுதிவைத்ததற்குக் காரணம் இதுதான். ஐ.நா.வே வருவதாகத்தான் திட்டம். சோவியத் வீட்டோ வரும் என்று தெரிந்ததும் 1981 மே மாதம் ஐ.நா. கைவிரித்தது. ஆகஸ்ட் 3-ஆம் தேதி தனி நெறிமுறை கையெழுத்தானது. 1982 ஏப்ரல் 25, 1967 போரில் பிடித்த சினாய் தீபகற்பத்தை விட்டு இஸ்ரேல் வெளியேறிய அதே நாளில், வேலை தொடங்கியது. தலைமையகம் ரோமில்.

சேவையின் உயிர் ஒப்பந்தத்தின் முதல் இணைப்பில் இருக்கிறது. சினாய் மேற்கிலிருந்து கிழக்காக மூன்று பட்டை. 'ஏ' மண்டலத்தில் எகிப்து ஒரு டிவிஷன் வைத்துக்கொள்ளலாம்: 22,000 பேர், 230 டாங்கி, 126 பீரங்கி, 480 கவச வண்டி. 'பி'யில் நான்கு எல்லைக்காவல் பட்டாலியன், 4,000 பேர், சிறு ஆயுதம், சக்கர வண்டி. எல்லையை ஒட்டிய 'சி'யில் ஒப்பந்தப்படி எம்.எஃப்.ஓ.வும் எகிப்தியப் போலீசும் மட்டும். இஸ்ரேல் பக்கம் 'டி': 4,000 பேர், 180 கவச வண்டி, டாங்கி, பீரங்கி கூடாது. 'போதுமான அளவு', 'நியாயமான எண்ணிக்கை' மாதிரி வழவழப்பு எதுவும் இங்கே இல்லை. இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதுதான். 231-வது டாங்கி என்பது கருத்து வேறுபாடு ஆகாது.

சரிபார்ப்பு மாதம் இருமுறைக்குக் குறையாமல் நடக்கும். அமெரிக்கச் சிவிலியன் பார்வையாளர்கள் போவார்கள். கூடவே அந்தந்த நாட்டுத் தொடர்பு அதிகாரி வருவார். முகாம் முகாமாக எண்ணுவார்கள். சந்தேகம் வந்தால் எந்தத் தரப்பும் கூடுதல் சோதனை கேட்கலாம்; 48 மணி நேரத்துக்குள் செய்தாக வேண்டும். மீறல் உறுதியானால் அதைச் சரிசெய்யவும் 48 மணி நேரம். சரிசெய்ததைத் தெரிவிப்பது மீறியவர் பொறுப்பு. பத்திரிகையாளர் கூட்டம் கிடையாது. ஊருக்கு முன்னால் மானம் போகாததால் தவறைத் திருத்துவது லேசாகிறது.

கடல் பக்கம் இத்தாலியின் மூன்று ரோந்துப் படகுகள் திரான் நீரிணையில் கப்பல் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்கின்றன. ஃபிஜியும் கொலம்பியாவும் தொடக்கத்திலிருந்தே பட்டாலியன் அனுப்புகின்றன. ஒப்பந்தப்படி 2,000 காலாட்படையினர் வரை இருக்கலாம். இப்போது எல்லாரையும் சேர்த்தே ஆயிரத்துச் சொச்சம்தான்.

குறைகள்? ஆள் இழப்பில் பெரும்பங்கு பயணத்தில். 1985 டிசம்பரில் சினாயிலிருந்து ஊர் திரும்பிய 248 அமெரிக்கப் படையினர் கனடாவின் கேண்டரில் விமானம் விழுந்து இறந்தார்கள். 2020 நவம்பரில் திரான் அருகே ஹெலிகாப்டர் விழுந்து ஏழு பேர். அடுத்த குறை, இது இரண்டு அரசுகளுக்கு நடுவே நிற்கத்தான் வடிவமைக்கப்பட்டது. மூன்றாவதாக ஆயுதக்குழு வந்தால் திணறும். வடசினாயில் ஐ.எஸ். கிளை வளர்ந்தபின் 2015-இல் கண்ணிவெடியில் ஆறு பேர் காயமடைந்தார்கள். 2016-இல் வடக்கு முகாமான எல் கோராவிலிருந்த வேலையின் பெரும்பகுதி தெற்கே ஷார்ம் எல்-ஷேக் பக்கம் நகர்ந்தது. பல இடங்களில் ஆளுக்குப் பதில் தொலைக் கேமரா. கேமரா வண்டியைக் காட்டும். தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்காது.

அந்தக் குழுக்களோடு சண்டையிட, இஸ்ரேலின் சம்மதத்தோடு எகிப்து ஒப்பந்த அளவைத் தாண்டிப் படைகளைச் சினாய்க்குள் கொண்டுவந்தது. இருவரும் ஒத்துக்கொண்டால் அது மீறல் ஆகாது. சம்மதம் எதுவரை என்பதில் பின்னால் தகராறு வந்தால் அளவுகோலே வளைந்துவிட்டிருக்கும். 2024 மே மாதம் இஸ்ரேல் படை காசா–எகிப்து எல்லையின் 14 கிலோமீட்டர் பிலடெல்பி பாதையைப் பிடித்தபோது எகிப்து அரசு 1979 ஒப்பந்தத்தைச் சுட்டிக்காட்டியது. எம்.எஃப்.ஓ.வால் எண்ணிச் சொல்லத்தான் முடியும், யாரையும் துரத்த முடியாது.

ஒப்பிட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு: சிரியா–இஸ்ரேல் நடுவே கோலானில் உள்ள ஐ.நா. படையின் காலத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாதுகாப்பு அவை நீட்டிக்க வேண்டும். லெபனானில் உள்ள ஐ.நா. படையை 2026 டிசம்பரோடு முடிக்க அதே அவை முடிவெடுத்துவிட்டது. எம்.எஃப்.ஓ.வுக்கு அந்தத் தலைவலி இல்லை. அதன் சிக்கல் வேறு: நீரிணையிலுள்ள திரான், சனாஃபிர் தீவுகளைச் சவூதிக்குக் கொடுக்கும் உடன்பாட்டை எகிப்து 2017-இல் உறுதிசெய்தது, திரான் தீவிலிருந்து எம்.எஃப்.ஓ. விலகும் என்று 2022 ஜூலையில் அப்போதைய அமெரிக்க அதிபர் பைடன் அறிவித்தார். 1979 ஒப்பந்தத்தில் சவூதியின் கையெழுத்து இல்லை.