பழைய சிஸ்டத்தை சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்று கேரளாவின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வண்டித்தாவளம், வேலந்தாவளம் பக்கமிருந்து எல்லை தாண்டிப் பொள்ளாச்சிக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்காக எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. செய்த வேலையை மட்டும் சொல்கிறேன்: ஐம்பது ரூபாய்கூட ஆகாத பேட்டரியை மாற்ற வேண்டிய இடத்தில், நல்ல ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு, ஓடித் தேய்ந்த ஒன்றைப் புதுசு என்று மாட்டி 6,300 ரூபாய் வாங்கினார்கள்.

என்னுடையது சின்ன டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் நோட்டீஸ். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் செய்தவை; அந்த எழுத்துரு மெஷினில் இல்லையென்றால் எழுத்து தமிழாகத் தெரியாது. அதற்காகவே 2012-ல் அசெம்பிள் செய்த விண்டோஸ் 7 மெஷினை இன்னும் ஓட்டுகிறேன். மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே அதைக் கைகழுவிவிட்டது, தெரியும். புதுசு வாங்கக்கூடாதா என்று கேட்பவர்கள் என் பழைய ஃபைல்களை ஒருமுறை மாற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்கட்டும்.

மழை நேரம், ராத்திரி முழுக்க கரன்ட் இல்லை. காலையில் ஆன் செய்தால் கறுப்புத் திரையில் 'சிமாஸ் செக்சம் எரர்' (மதர்போர்டில் சேமித்த தேதி, செட்டிங் கெட்டுவிட்டது என்று பொருள்) என்று போட்டு, எஃப்1 அழுத்தச் சொன்னது. அழுத்தினால் விண்டோஸ் லோகோ வரும், நீலத்திரை கண் சிமிட்டுகிற நேரம் மின்னும், தானாக ரீஸ்டார்ட் ஆகும். மறுபடியும் லோகோ, மறுபடியும் நீலம்.

கடைப் பையன் மானிட்டரை ஒரு பார்வை பார்த்தான். "டிஸ்க் போயிருச்சுங்ணா" என்றான். கேபினெட்டைத் திறக்கவே இல்லை. ஓனர் வந்து அதையே இன்னும் மரியாதையாகச் சொன்னார். புது டிஸ்க் 3,800, டேட்டா ரெக்கவரி 2,000, விண்டோஸ் போட 500. பழைய டிஸ்க்கைக் கேட்டேன். "அது கம்பெனிக்கு எக்ஸ்சேஞ்ச்ல போயிருமுங்க" என்றார். பில் என்று கையில் கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி எண் இல்லை, டிஸ்க்கின் சீரியல் எண்ணும் இல்லை.

வீட்டில் வந்து ஒரு பத்திரிகை ஃபைலைத் திறந்தேன். மணமக்கள் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பை. டி டிரைவில் இருந்ததை மட்டும் காப்பி செய்துவிட்டு அதற்கு ரெக்கவரி என்று காசு வாங்கியிருக்கிறார்கள். சி டிரைவில் இருந்த எழுத்துரு ஒன்றுகூட வரவில்லை. சரி, அதையாவது எங்கேயாவது தேடிப் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தால், சில நாளில் சிஸ்டமே இழுக்க ஆரம்பித்தது. ஒரு ஃபைலை சேவ் செய்யக் கொடுத்தால் உள்ளே டிக் டிக் என்று சத்தம், அப்புறம் அப்படியே நின்றுவிடும்.

பாலிடெக்னிக் படிக்கிற என் மச்சினன் வந்தான். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள், அதை ஓட்டினான். ஹார்ட் டிஸ்க் தன் சரித்திரத்தைத் தானே எழுதி வைத்துக்கொள்ளும், அதைத்தான் இது படித்துக் காட்டுகிறது. மேலே மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. படிக்க முடியாமல் கிடக்கும் செக்டார்கள் வரிசையாக. 'பவர் ஆன் ஹவர்ஸ்' என்ற இடத்தில் 31,000-க்கு மேல். அதாவது மூன்றரை வருஷம் இரவு பகலாக ஓடியிருக்கிறது. ஆனால் ஆன் செய்த எண்ணிக்கை நூறைக்கூடத் தொடவில்லை. "மாமா, இது சிசிடிவி பெட்டியில இருந்து பிடுங்கினது மாதிரி இருக்கு" என்றான். வீட்டு சிஸ்டம் என்றால் தினம் ஆன், ஆஃப் என்று அந்த எண் ஆயிரக்கணக்கில் ஏறியிருக்கும். அணைக்காமலே ஓடுகிற மெஷினில்தான் இப்படி வரும்.

அந்த வாரமே மறுபடி கரன்ட் போனது. மறுபடி அதே சிமாஸ் எரர், தேதி பத்து வருஷத்துக்கு மேல் பின்னால் போயிருந்தது. தேதி தப்பாக இருப்பதால் ஜிமெயிலும் திறக்கவில்லை. புது டிஸ்க் போட்ட பிறகும் பழைய எரர் வருகிறதென்றால் கோளாறு டிஸ்க்கில் இல்லை என்றுதானே அர்த்தம்?

மதர்போர்டில் காசு மாதிரி வட்டமாக ஒரு செல் இருக்கும். சிஆர்2032, மூன்று வோல்ட். பிளக்கில் கரன்ட் இருக்கும்வரை அது செத்தாலும் வெளியே தெரியாது. கரன்ட் மொத்தமாகப் போனால் தேதியும், பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் மதர்போர்டில் ஓடுகிற புரோகிராம்) செட்டிங்கும் அழிந்துவிடும். என் போர்டில் அப்படி அழிந்தபோது சாட்டா மோடு, அதாவது போர்டு ஹார்ட் டிஸ்க்கோடு பேசுகிற முறை, ஏஹெச்சிஐ-யிலிருந்து பழைய ஐடிஇ-க்கு மாறிவிட்டது. ஒரு மோடில் போட்ட விண்டோஸ் 7 மற்றதில் எழுந்திருக்காது. நீலத்திரை காட்டி ரீஸ்டார்ட் ஆகும். அந்தத் திரையை ஃபோனில் வீடியோ எடுத்து நிறுத்திப் பார்த்தால் ஸ்டாப் கோடின் கடைசியில் 7பி என்று இருக்கும். பயாஸில் ஒரே ஒரு வரியை மாற்றினால் தீர்ந்தது. இது தெரியாத கடைக்காரர் இருக்கிறார் என்று நான் நம்பவில்லை.

நல்லவேளை, 2012 பில்லில் வாரன்டிக்காக டிஸ்க்கின் சீரியல் எண்ணை எழுதியிருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு போய் என் டிஸ்க் வேண்டும் என்றேன். கம்பெனிக்குப் போய்விட்டதாகச் சொன்ன டிஸ்க் உள்ளே அட்டைப் பெட்டியிலிருந்து வந்தது! எண்ணைப் பார்த்தேன், என்னுடையது இல்லை. பில்லை மேஜையில் வைத்து, நுகர்வோர் கோர்ட் என்று சொன்ன பிறகுதான் சரியான டிஸ்க் வெளியே வந்தது. பணத்தைப் பற்றிக் கேட்டால், "நீங்க ஒத்துக்கிட்டுத்தானுங்களே போட்டோம்" என்கிறார்.

மச்சினன் புது செல் போட்டு, என் டிஸ்க்கை மாட்டி, மோடை ஏஹெச்சிஐ-க்கு மாற்றினான். எல்லாம் விட்ட இடத்தில் அப்படியே இருந்தது, எழுத்துரு உட்பட. முதல் வேலையாக எல்லாவற்றையும் வெளியே ஒரு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிட்டோம்.

ஹார்ட் டிஸ்க் நிஜமாகவே போவதும் உண்டு. பயாஸில் டிஸ்க்கின் பெயரே வராது, அல்லது விட்டுவிட்டுத் தட்டுகிற சத்தம் கேட்கும். அப்போது அதைப் போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள், ஓட ஓட மோசமாகும். இந்த அறிகுறி எதுவும் இல்லாமல், தேதி மட்டும் மாறி, எஃப்1 கேட்டால் முதலில் செல்லைப் பாருங்கள். கடையில் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் டிஸ்க் லேபிளை ஃபோட்டோ எடுத்து, அந்த எண்ணைக் கடைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். மாற்றிக் கொடுத்த டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியது என்று அவர்கள் முன்னாலேயே பாருங்கள். புதுசு என்றால் சில மணி நேரத்துக்கு மேல் காட்டாது. பணத்தை யுபிஐ-யில் கொடுங்கள், நான் கொடுத்ததற்கு அதுதான் இப்போது ஒரே சாட்சி.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்தேன். கடைக்காரர் அதே பாட்டைத்தான் பாடியிருக்கிறார். கடை தமிழ்நாட்டில், நாம் கேரளாவில், எங்கே போய் அலைவது என்றுதான் இந்தப் பக்கத்து ஆட்கள் விட்டுவிடுகிறோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்கோ சேவைக்கோ நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயார். அவர் மாட்டிக் கொடுத்த டிஸ்க்கைக் கவரில் போட்டு, மென்பொருள் காட்டிய திரையை பிரின்ட் எடுத்து அதோடு வைத்திருக்கிறேன். தேதி கிடைத்ததும் எழுதுகிறேன்.