ஆவி துப்பறியும் மூன்று ஆட்டங்கள்: எதில் நாம் துப்பறிகிறோம்?

கொலையுண்டவரின் ஆவியே நடந்ததைச் சொல்லிவிடுமானால் துப்பறிவாளருக்கு என்ன வேலை? அமானுஷ்யத்தையும் துப்பறிதலையும் இணைத்துக் கதை சொல்லும் எந்த வீடியோ கேமும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் வர வேண்டும். ‘மர்டர்டு: சோல் சஸ்பெக்ட்’, ‘கோஸ்ட் ட்ரிக்’, ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ ஆகிய மூன்றையும் இந்த ஒரு கோணத்திலிருந்தே ஒப்பிடுகிறேன். கதையின் பெரிய திருப்பங்கள் எதையும் வெளியிடவில்லை.

2014இல் வந்த ‘மர்டர்டு’ ஆட்டத்தின் கதைக்கரு மூன்றிலும் வலுவானது. சேலம் என்னும் அமெரிக்க நகரத்தின் காவல்துறைத் துப்பறிவாளர் ரோனன் ஓகானர், தொடர்கொலையாளி ஒருவனைத் தேடிப் போன இடத்தில் மாடி ஜன்னல் வழியே வீசப்பட்டு, தன் துப்பாக்கியாலேயே சுடப்பட்டு இறக்கிறார். பிறகு ஆவியாகித் தன் கொலையைத் தானே விசாரிக்கிறார். 1692இல் சூனிய வழக்குகள் நடந்த ஊர் என்பதால், இன்றைய தெருக்களின் மேல் பழைய சேலத்தின் நிழல்கள் படிந்திருப்பது கதைக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் விசாரணைதான் கைகொடுக்கவில்லை. தடயங்களைச் சேகரித்த பிறகு எது முக்கியமானது என்று ஆட்டம் கேட்கும்போது, தவறாகச் சொன்னால் மதிப்பீட்டுச் சின்னம் ஒன்று குறைகிறதே தவிர வேறு இழப்பு இல்லை. மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தாலே விடை வந்துவிடும். பிறர் உடலில் புகுந்து மனத்தைப் படிக்கும் ஆற்றல், யோசிக்க வேண்டிய இடத்தில் யோசிக்காமல் கடக்கவே பெரும்பாலும் உதவுகிறது.

ஷூ டக்குமி உருவாக்கி, 2010இல் நின்டெண்டோ டிஎஸ் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவிக்கு வந்த ‘கோஸ்ட் ட்ரிக்’ ஆட்டத்திலும் நாயகன் சிசெல் இறந்தவன்தான். தான் யார் என்பதே அவனுக்கு நினைவில்லை, விடிவதற்குள் அதைக் கண்டறிய வேண்டும். இறந்த ஒருவரின் கடைசி 4 நிமிடங்களுக்குத் திரும்பி, அருகிலிருக்கும் பொருள்களை அசைத்து அவருடைய மரணத்தையே தடுக்க அவனால் முடியும். எட்டும் தூரம் மிகக் குறைவு என்பதால் பொருளுக்குப் பொருள் தாவியும், தொலைபேசிக் கம்பி வழியே வேறிடம் சென்றும் வழி தேட வேண்டியிருக்கிறது. உண்மையில் இது துப்பறிதலைவிடப் பொறியமைப்புப் புதிர் என்பதே சரி. இருந்தாலும், இங்கே ஆவியின் ஆற்றலுக்கு ஓர் எல்லை இருக்கிறது; அந்த எல்லைக்குள் நின்று மூளையை வேலை வாங்குவதே ஆட்டம்.

லூக்காஸ் போப் 2018இல் வெளியிட்ட ‘ஓப்ரா டின்’ இந்த எல்லையை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. 1807இல், காணாமல்போன கப்பல் ஆளின்றிக் கரை திரும்புகிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அதில் ஏறும் ஆய்வாளராகிய நாம், 60 பேரின் கதியையும் எழுதி முடிக்க வேண்டும். கையிலிருக்கும் கடிகாரத்தைச் சடலத்தருகே திறந்தால் முதலில் இருளில் குரல்கள் மட்டும் கேட்கின்றன; பிறகு, இறந்த அந்த நொடி உறைந்த சிலைக்காட்சியாக விரிகிறது. எல்லாம் கண்முன்னே இருந்தும், இறந்தவர் யார் என்பதை மட்டும் பெரும்பாலும் யாரும் நேரடியாகச் சொல்வதில்லை. ஒரேயொரு துப்பைச் சொல்லிவிடுகிறேன்: மாலுமிகள் உறங்கும் தளத்தில் வரிசையாகத் தொங்கும் தூளிப் படுக்கைகளில் எண்கள் பொறித்திருக்கின்றன; அவை கப்பலின் பெயர்ப்பட்டியலில் உள்ள எண்களே. அந்தக் காட்சியை மூன்று முறை கடந்த பின்தான் எனக்கு அது கண்ணில் பட்டது. பட்டவுடன், அதுவரை முகங்களாக மட்டுமே இருந்தவர்கள் மளமளவென்று பெயர் பெற்றார்கள். மேலும், மூன்று பேரின் கதி சரியாக அமைந்தால்தான் ஆட்டம் அதை உறுதிசெய்யும் என்பதால், ‘மர்டர்டு’ இடங்கொடுக்கும் குருட்டு ஊகம் இங்கே எளிதில் செல்லாது.

குறை இல்லாமல் இல்லை. புள்ளிகளால் ஆன இருநிறக் காட்சி நெடுநேரம் பார்த்தால் கண்ணை உறுத்துகிறது. சிசெலிடம் ஏற்படும் நெருக்கம் ஓப்ரா டின்னின் எந்த மாலுமியிடமும் ஏற்படுவதில்லை. மனிதர்களுக்காக விளையாடுபவர்கள் ‘கோஸ்ட் ட்ரிக்’ ஆட்டத்தையே எடுக்கலாம். 2023இல் வந்த மறுபதிப்பால் அது பழைய கருவி இல்லாதவர்களுக்கும் கிடைக்கிறது. சேலத்தின் சூழலுக்காக மட்டும் ‘மர்டர்டு’ போதும். என் தேர்வு ‘ஓப்ரா டின்’தான், ஆனால் விடைகள் தெரிந்தபின் அதை மீண்டும் புதிதாக விளையாட முடியாது என்பதால், இடையூறில்லாத சில இரவுகள் கிடைக்கும்போது, ஒரு குறிப்பேட்டுடன் தொடங்குங்கள்.