எட்டு வார எம்.பி.எஸ்.ஆர். பயிற்சி: நிலைகுலைந்தவர்களுக்கு எதைத் தரும், எதைத் தராது

வேலை போனவர்கள், மணவாழ்க்கை முறிந்தவர்கள், பெரிய நோயிலிருந்து எழுந்தவர்கள், நெருங்கிய ஒருவரைப் பறிகொடுத்தவர்கள் என்று இந்தப் பயிற்சியில் சேர வருகிறவர்கள் பலவிதம். ஆனால் கேள்வி ஒன்றுதான்: "இனிமேல் என்ன?" அதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இன்றைய பொழுதை எப்படிக் கடத்துவது என்பது ஒன்று. இனி எதற்காக வாழ்வது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு இந்தப் பயிற்சி நன்றாகவே கை கொடுக்கும். இரண்டாவதற்கு நேரடியாக எதுவும் தராது. இது தெரியாமல் சேருகிறவர்கள் ஏழாவது வாரம் வாக்கில் ஏமாற்றத்தோடு நிற்பார்கள். அதைத் தவிர்க்கத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபட்-ஜின் தொடங்கிய பாடத்திட்டம் இது. முழுப்பெயர் மைண்ட்ஃபுல்னஸ் பேஸ்டு ஸ்ட்ரெஸ் ரிடக்‌ஷன், அதாவது இந்தக் கணத்தில் நடப்பதைக் கவனிக்கப் பழகி மன அழுத்தத்தைக் குறைப்பது. ஆரம்ப காலத்தில் அவரிடம் அனுப்பப்பட்டவர்களில் பலர், மருத்துவத்தால் இதற்கு மேல் பெரிதாகச் செய்ய முடியாது என்ற நிலையில் இருந்த நாள்பட்ட வலிக்காரர்கள். பயிற்சியின் குணம் இந்தப் பிறப்பிலேயே இருக்கிறது. போக்க முடியாத ஒன்றோடு இருந்துகொண்டே அன்றாடத்தை நடத்துவதற்காகச் செய்யப்பட்டது. நடந்ததை மறக்கடிப்பதோ, மனதை எப்போதும் மகிழ்ச்சியாக வைப்பதோ இதன் வேலை இல்லை. அப்படி விளம்பரம் செய்கிற வகுப்பு எதுவானாலும் ஒதுங்கிவிடுங்கள்.

வாரம் ஒரு வகுப்பு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2½ மணி நேரம், மொத்தம் 8 வாரம். ஆறாவது வகுப்புக்கும் ஏழாவது வகுப்புக்கும் நடுவே ஒரு முழுநாள் மௌனப் பயிற்சி. இவை தவிர வீட்டில் நாளுக்கு 45 நிமிடம், வாரத்தில் 6 நாள். கணக்குப் போட்டால் வகுப்புகள் 20 மணி நேரம், முழுநாள் சுமார் 7 மணி நேரம், வீட்டுப் பயிற்சி 36 மணி நேரம். வகுப்பில் இருப்பதைவிட வீட்டில் தனியாகச் செய்வதே அதிகம். ஆசிரியர் எவ்வளவு அருமையாகப் பேசுகிறார் என்பதைவிட அவர் தரும் ஒலிப்பதிவு எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். சேருவதற்கு முன் பாடி ஸ்கேன் (உடலைப் பகுதி பகுதியாகக் கவனிக்கும் பயிற்சி) பதிவை வாங்கிப் பத்து நிமிடம் கேளுங்கள். பின்னணி இசை நிறைந்த, தூங்க வைக்கிற குழைவான குரல் என்றால் அது இந்தப் பயிற்சிக்கு ஆகாது. தெளிவாக, இடைவெளி விட்டு, சாதாரணமாகப் பேசும் குரல் வேண்டும். நாள் தவறாமல் கேட்கப்போவது அதைத்தான்.

முதல் வகுப்பில் ஓர் உலர்திராட்சையைக் கையில் கொடுப்பார்கள். பார்த்து, விரலால் உருட்டி, முகர்ந்து, காதருகே வைத்து அழுத்தி, கடைசியில் நாக்கில் வைத்து மெதுவாகக் கடிக்க வேண்டும். சிலருக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள். பாதியிலேயே மனம் எங்கெங்கோ ஓடிவிட்டதைக் கண்டுபிடிப்பதுதான் அந்தப் பாடம்.

அடுத்தது பாடி ஸ்கேன். மல்லாந்து படுத்து, இடது கால் விரல்களில் தொடங்கி, பாதம், கணுக்கால், முழங்கால், தொடை, பிறகு வலது கால், இடுப்பு, முதுகு, வயிறு, மார்பு, கைகள், தோள், கழுத்து, முகம், உச்சந்தலை என்று கவனத்தை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். எதையும் தளர்த்தச் சொல்லவில்லை; அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்க மட்டும்தான் சொல்கிறார்கள். ஒன்றுமே தெரியவில்லை என்றால் "ஒன்றும் தெரியவில்லை" என்பதே அன்றைய விடை. முழங்காலைத் தாண்டியதும் மனம் வங்கிக் கடனுக்கோ மருத்துவ அறிக்கைக்கோ போய்விடும். போனது தெரிந்ததும் முழங்காலுக்கே திரும்ப வேண்டும். 45 நிமிடத்தில் இது ஐம்பது தடவை நடந்தாலும் பயிற்சி கெட்டுப்போகவில்லை. அந்தத் திரும்பல்தான் பயிற்சி.

இங்கேதான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். முதல் இடைஞ்சல் தூக்கம். நெருக்கடியிலிருந்து வருகிறவர்கள் வாரக்கணக்கில் சரியாகத் தூங்காதவர்கள். படுத்ததும் உடல் அதைப் பிடுங்கிக்கொள்ளும். இரவு படுக்கையில் செய்யாமல் காலையில், தரையில் விரிப்புப் போட்டு, கண்ணைப் பாதி திறந்து செய்தால் குறையும். அப்படியும் தூங்கினால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து செய்யலாம். இரண்டாவது, நாள் தவறினால் மறுநாள் இரண்டு மடங்கு செய்வது. வேண்டாம். விட்டது விட்டதுதான், மறுநாள் வழக்கமான ஒன்றே போதும்.

மூன்றாவதைக் கவனமாகப் படியுங்கள். விபத்து, வன்முறை, அவசர சிகிச்சை போன்றவற்றைக் கடந்தவர்களுக்கு, உடலின் ஏதோ ஓர் இடத்தில் கவனம் போனதும் பழைய காட்சி அப்படியே எழும்பி வரலாம். மார்பு அடைக்கும், கை குளிரும், அறையே தூரமாய்ப் போனது போலிருக்கும். அந்த நேரத்தில் "பரவாயில்லை, கூடவே இருங்கள்" என்று ஒலிப்பதிவு சொன்னாலும் கேட்காதீர்கள். கண்ணைத் திறங்கள். எழுந்து உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்துங்கள். அறையில் தெரியும் ஐந்து பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட்டு ஆசிரியரிடம் சொல்லுங்கள். அவர் உங்கள் கவனத்துக்கு வேறு பிடிமானம் காட்ட வேண்டும்: உள்ளங்காலின் தொடுகை, வெளியே கேட்கும் ஓசை, கையில் பிடித்த ஒரு பொருளின் கனம். மூச்சைக் கவனித்தாலே பதறுகிறவர்களுக்கும் இதே வழிதான். மூச்சு என்பது கட்டாயப் பாடம் இல்லை.

பயிற்சியின் மிகச் சிறந்த பகுதி எது என்று கேட்டால், இரண்டாம், மூன்றாம் வாரங்களில் தரும் அட்டவணைத் தாள்கள்தான். ஒரு வாரம் இனிய நிகழ்வுகள், அடுத்த வாரம் இனிமையற்ற நிகழ்வுகள், நாளுக்கு ஒன்று. என்ன நடந்தது, நடக்கும்போதே அதை உணர்ந்தீர்களா, உடலில் என்ன இருந்தது, அப்போது வந்த உணர்ச்சியும் எண்ணமும் என்ன, இதை எழுதும்போது என்ன தோன்றுகிறது என்று கட்டங்கள் இருக்கும். நன்றாக நிரப்பிய ஒரு வரி இப்படி இருக்கும்: "மாலை, ஜன்னலோரம். வெயில் முழங்கையில் விழுந்தது. அப்போதே தெரிந்தது. தோள் இறங்கியது. 'இது நல்லா இருக்கே' என்று நினைத்த மறுகணம் குற்ற உணர்வு. எழுதும்போது தொண்டை லேசாக அடைக்கிறது."

மோசமாக நிரப்பியது இப்படி: "நண்பர் வந்தார், சந்தோஷம்." இதில் உடலே இல்லை. பலர் இனிய நிகழ்வுத் தாளை வெறுமையாகக் கொண்டுவருவார்கள், "என் வாழ்க்கையில் இப்போது எதுவும் இனிமையாக இல்லை" என்று. பெரிய மகிழ்ச்சியைத் தேடுவதால் வரும் சிக்கல் அது. ஐந்து நொடி நீடித்தாலும் கணக்குதான் என்று ஆசிரியர் சொல்லித்தர வேண்டும். அன்றன்றே எழுதுவதும் முக்கியம். வகுப்புக்கு முந்தின இரவு ஏழு நாளையும் சேர்த்து எழுதினால் தாளில் வருவது ஊகம்தான். இந்தத் தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். பின்னால் வேலை இருக்கிறது.

மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை மென்மையான யோகா, உட்கார்ந்து செய்யும் தியானம், சட்டென்று எகிறுவதற்கும் யோசித்துப் பதில் தருவதற்கும் உள்ள வித்தியாசம், கடினமான உரையாடல்கள் என்று போகும். உடல் வலி உள்ளவர்கள் யோகாவில் மற்றவர்களைப் பார்த்து எட்டிப்பிடிக்க முயலக் கூடாது. முழுநாள் மௌனத்துக்குப் பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் சிரமம் மதியத்துக்குப் பிறகுதான்; அழுகை வந்தால் அது தோல்வி இல்லை. எழுந்து வெளியே நடக்க அனுமதி உண்டா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

எப்போது சேருவது என்பதில் எங்களுக்கு உறுதியான கருத்து உண்டு: இடி விழுந்த அதே மாதத்தில் வேண்டாம். துக்கம் புதிதாக இருக்கையில், அல்லது வீடு, வருமானம், பாதுகாப்பு என்று அடிப்படைகளே ஆடிக்கொண்டிருக்கையில், நாளுக்கு 45 நிமிடம் தனியாக உள்ளே பார்ப்பது சுமையைக் கூட்டும். அந்த நேரத்துக்குத் தேவை தூக்கம், நேரத்துக்குச் சாப்பாடு, கூட இருக்க ஒரு மனிதர், கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்களை ஒழுங்குபடுத்த ஓர் உதவி. தற்கொலை எண்ணம் இருந்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதுதான் முதல் வேலை, அதுவும் இன்றைக்கே; பயிற்சி காத்திருக்கட்டும். மருந்து எடுப்பவர்கள் தாமாக நிறுத்தவும் கூடாது. பதற்ற நோய் உள்ள 276 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த 8 வாரப் பயிற்சி, பதற்றத்துக்குத் தரப்படும் எஸ்சிட்டலோப்ராம் மாத்திரைக்குக் குறையாத பலன் தந்தது. அதை வைத்து "மாத்திரையே வேண்டாம்" என்று சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அது அந்த ஆய்வு சொன்ன செய்தி இல்லை. மருந்தை மாற்றுவது மருத்துவரோடு பேசி எடுக்க வேண்டிய முடிவு.

இப்போது அந்த இரண்டாவது கேள்வி. எட்டாவது வாரம் முடியும்போது மனம் ஓரளவு தரையில் நிற்கும். அலை வரும்போது அலை என்று தெரியும். எதற்காக எழ வேண்டும் என்பது மட்டும் இன்னும் வெறுமையாக இருக்கும். பாடத்திட்டத்தில் இதற்கென்று தனி வகுப்பு இல்லை. இது பெரிய குறை என்றே சொல்வோம். மனச்சோர்வு சிகிச்சையில் பயன்படும் செயல் திட்டமிடல் முறையை இங்கே ஒட்டவைத்தால் அந்த இடைவெளி நன்றாக நிரம்புகிறது.

பத்திரமாக வைத்த அந்த இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இனிமையற்ற பக்கத்தில் எது திரும்பத் திரும்ப வலித்தது என்று பாருங்கள். "யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை" என்று மூன்று நாள் வந்திருந்தால், பிறருக்குப் பயன்படுவது உங்களுக்கு உயிரான விஷயம் என்று அர்த்தம். வலிக்கும் இடத்துக்கு அடியில்தான் மதிக்கும் பொருள் கிடக்கிறது. இனிய பக்கத்தில் உடல் எப்போது தளர்ந்தது என்பதையும் குறியுங்கள். இரண்டிலிருந்தும் ஒன்றைத் தேர்ந்து, அதற்கு ஒரு சிறு செயல் வையுங்கள்: 20 நிமிடத்துக்குள் முடிவது, கிழமையும் மணியும் குறித்தது, முடிந்தால் இன்னொருவரோடு செய்வது. "சமூகத்துக்குப் பயன்படுவேன்" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. "வியாழன் 5 மணி, பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கணக்கு" என்று எழுதினால் நடக்கும். செய்த பிறகு இரண்டு மதிப்பெண், 0 முதல் 10 வரை: எவ்வளவு பிடித்தது, எவ்வளவு சாதித்த உணர்வு. முதல் இரண்டு வாரம் இரண்டுமே 2, 3 என்றுதான் வரும். மனம் வராமலே செய்ய வேண்டிய காலம் அது. ஆர்வம் வந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருந்தால் ஆர்வம் வராது. இப்படி மதிப்பெண் எழுதிய ஆறு வாரத் தாள்களைப் பார்த்தால் எது ஏறுகிறது, எது அப்படியே கிடக்கிறது என்று தெரிந்துவிடும். கிடப்பதை விட்டுவிட்டு ஏறுவதற்கு நேரத்தைக் கூட்டுங்கள்.

நேரில் சேருவதா, இணையத்திலா? தனியாக வாழ்கிறவர்களுக்கு நேரில்தான் நல்லது. வட்டமாக உட்கார்ந்து, இன்னொருவரும் முழங்காலைத் தாண்ட முடியாமல் தவித்ததைக் கேட்பதே பாதி மருந்து. பதிவு செய்து வைத்த காணொளி வகுப்புகளில் பாடம் குறைவதில்லை, ஆனால் இரண்டாம் வாரத்தோடு நின்றுபோவது மிக எளிது. நேரலை இணைய வகுப்பு இரண்டுக்கும் நடுவில்.

பதிவு செய்வதற்கு முன் ஆசிரியரோடு தனியாகப் பேச நேரம் தருகிறார்களா என்று பாருங்கள். உங்களுக்கு நடந்தது என்ன, எப்போது நடந்தது, இப்போது சிகிச்சையில் இருக்கிறீர்களா என்று அவராகவே விசாரிக்க வேண்டும். விசாரிக்காமல் சேர்த்துக்கொள்கிற இடம் சரியில்லை. நீங்களும் ஒன்று கேளுங்கள்: "பாதி வகுப்பில் யாராவது எழுந்து வெளியே போய்விட்டால் என்ன செய்வீர்கள்?" "அப்படியெல்லாம் நடந்ததில்லை" என்று பதில் வந்தால் வேறு வகுப்பைப் பாருங்கள். "உதவியாளர் கூடப் போவார், அன்று மாலை நான் தொலைபேசியில் பேசுவேன், அடுத்த வகுப்புக்கு வருவதா என்பதைச் சேர்ந்து முடிவு செய்வோம்" என்கிற மாதிரி வந்தால் பணத்தைக் கட்டலாம்.