ஐடஹோ தார்ப்பாதை: மேல் பாதியா, கீழ்ப் பாதியா?

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் மலன் ஊரிலிருந்து ப்ளம்மர் வரை 117 கிலோமீட்டர் ஓடுகிறது ‘டிரெயில் ஆஃப் தி கோர் டலேன்ஸ்’. சைக்கிள், நடை, ஸ்கேட்டிங் எல்லாவற்றுக்கும் ஒரே தார்ப்பாதை. கட்டணம் கிடையாது. கையில் ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் எந்தப் பாதி?

மலனிலிருந்து ஈனவில் வரையிலான மேல் பாதி சுமார் 40 கிலோமீட்டர். மேற்கே போனால் நெடுக லேசான இறக்கம். வாலஸ், கெல்லாக் என்று சுரங்க ஊர்கள் அடுத்தடுத்து வருவதால் சாப்பாட்டுக்குக் கவலையில்லை. ஆனால் ஐ-90 நெடுஞ்சாலை விடாமல் கூடவே வரும். குறுகிய பள்ளத்தாக்கில் லாரிச் சத்தம் ஓயவே ஓயாது.

கீழ்ப் பாதி ஈனவிலுக்கு மேற்கே உள்ள கட்டால்டோ ஊரில் தொடங்குகிறது. அதைத் தாண்டியதும் அந்தச் சத்தம் பின்தங்கிவிடும். அங்கிருந்து ஹாரிசன் வரை 40 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சமதளம், ஆறு, வரிசையாகச் சிறு ஏரிகள். தண்ணீருக்குள் முகத்தை விட்டு மேயும் மூஸ் என்ற பெரிய மான், தலையைத் தூக்கும்போது வாயோரம் அல்லித்தண்டு தொங்கும், தாடையிலிருந்து நீர் சொட்டும். அது பாதையில் ஏறி நின்றால் நாம்தான் தள்ளி நின்று காத்திருக்க வேண்டும். வழியில் கடை அரிது, தண்ணீர் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். தெம்பிருந்தால் ஹாரிசனுக்கு அப்பால் ஏரிக்கரையோரமாகச் சாட்கோலெட் பாலம் வரை போகலாம். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளப் பழைய ரயில் பாலம் அது. அப்புறம் ப்ளம்மர் வரை ஏற்றம்தான்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இந்தத் தார் சொகுசுக்காகப் போட்டதல்ல. முன்பு இங்கே இருந்த யூனியன் பசிபிக் ரயில்பாதையின் அடிமண்ணில் சுரங்கக் கழிவும் சிந்திய தாதுவும் கலந்து ஈயம் ஏறிப்போயிருந்தது. அதைத் தாரால் மூடி, 2004இல் பாதையாகத் திறந்தார்கள். கோர் டலேன் பழங்குடியினரும் மாநிலமும் சேர்ந்து பராமரிக்கிறார்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள், சாப்பிடும் முன் கை கழுவுங்கள் என்று பலகைகள் சொல்வது இதனால்தான். கீழ்ப் பாதி பச்சையாக இருக்கிறதே, சுத்தமாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். ஆறு ஈயத்தை அங்கேயும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. சேற்றில் இரை தேடும் அன்னங்கள் அதனாலேயே சாகின்றன.

எனவே மண்ணைக் கண்டால் கைவைக்கும் சின்னப் பிள்ளைகளோடு போகிறீர்களா, மேல் பாதியில் வாலஸ்–கெல்லாக் துண்டே சரி. கடைக்குள் போய்க் கை கழுவி உட்கார்ந்து சாப்பிடலாம். பெரியவர்கள் மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், கட்டால்டோவில் விடியற்காலையில் கிளம்புங்கள். மூஸ் கண்ணில் படுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.