8 இஞ்ச் நியூட்டோனியனில் நட்சத்திரம் வட்டமாக வராதபோது நான் பார்ப்பவை

8 இஞ்ச் எஃப்/5 நியூட்டோனியன் (அடியில் உள்ள பெரிய கண்ணாடி ஒளியைக் குவிக்க, மேலே உள்ள சின்னக் கண்ணாடி அதைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் தொலைநோக்கி; எஃப்/5 என்றால் குவியதூரம் கண்ணாடி விட்டத்தின் 5 மடங்கு), வானம் சுழல்வதற்கு ஏற்பத் தொலைநோக்கியைத் திருப்பும் ஒரு ஜெர்மன் ஈக்வடோரியல் மவுண்ட், 3.76 மைக்ரான் பிக்சல் உள்ள, சென்சாரைக் குளிர்விக்கும் கூல்டு கேமரா. பல வருடமாக இதே செட்டப்பைத்தான் ஜவ்வாது மலைப் பக்கம் எடுத்துப்போய்ப் படம் எடுக்கிறேன். புதிதாக இந்தத் தொலைநோக்கியை வாங்கியவர்கள் "படம் ஷார்ப்பாக இல்லை, எதை மாற்றணும்?" என்று கேட்கிறார்கள். முதலில் எதையும் மாற்றாதீர்கள். ஸ்டாக் செய்த (பல எக்ஸ்போஷர்களை ஒன்றாகச் சேர்த்த) படத்தை மூடிவிட்டு ஒரே ஒரு தனி எக்ஸ்போஷரைத் திறந்து, நடுவிலும் நான்கு மூலைகளிலும் நட்சத்திரங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். எந்தப் பாகத்தில் கோளாறு என்பது பெரும்பாலும் அந்த வடிவத்திலேயே தெரிந்துவிடும். ஸ்டாக் செய்யும்போது எல்லாம் கலந்துபோய் அந்தத் தடயம் அழிந்துவிடுகிறது.

படம் முழுக்க எல்லா நட்சத்திரமும் ஒரே திசையில் நீண்டிருந்தால் கண்ணாடியைச் சந்தேகப்பட வேண்டாம், மவுண்ட் பக்கம் போங்கள். 1000 மி.மீ. குவியதூரத்தில் இந்த கேமராவுக்கு ஒரு பிக்சல் என்பது சுமார் 0.78 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு), அதனால் கைடிங் (ஒரு நட்சத்திரத்தைக் கவனித்தபடி மவுண்டைத் திருத்திக்கொண்டே இருப்பது) பிழை மொத்தமாக ஒரு ஆர்க் செகண்டுக்குள் அடங்கினால்தான் நிம்மதி. ஆனால் கைடிங் கிராஃப் அழகாக இருக்கும், நட்சத்திரம் மட்டும் நீண்டிருக்கும், இது நியூட்டோனியனில் அடிக்கடி நடக்கும். கைடிங்குக்காக மேலே பொருத்தும் சிறு தொலைநோக்கியான கைடு ஸ்கோப் ஒரு பக்கம் வளைகிறது, பெரிய கண்ணாடி அதன் இருக்கையில் லேசாக நகர்கிறது, இரண்டும் வெவ்வேறு இடத்தைப் பார்க்கின்றன. ஆஃப் ஆக்சிஸ் கைடர் போட்டதும் எனக்கு இந்தத் தொல்லை போய்விட்டது, ஏனென்றால் படத்துக்கு வரும் அதே ஒளியிலிருந்துதான் அதுவும் எடுத்துக்கொள்கிறது. இந்தச் செட்டப்பில் செலவழித்த பணத்தில் மிகவும் உருப்படியான செலவு இதுதான் என்பேன்.

மவுண்டின் அச்சு வானத் துருவத்தை நோக்கி இருக்க வேண்டும். இதில் நம் ஊரில் இருப்பவர்களுக்கென்றே ஒரு பிரச்சினை உண்டு, வெளிநாட்டு வீடியோக்களில் இதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். துருவ நட்சத்திரம் நமக்கு வானத்தில் எவ்வளவு உயரத்தில் இருக்கும்? கிட்டத்தட்ட நம் அட்சரேகை அளவுக்குத்தான், அதாவது ஜவ்வாது மலையில் சுமார் 12.5 டிகிரி. ஒரு புளியமரம் போதும் அதை மறைக்க. மரம் இல்லாவிட்டாலும் அந்த உயரத்தில் காற்று மண்டலம் ஒளியை வளைத்து, நட்சத்திரத்தை 4 ஆர்க் மினிட்டுக்கு (ஒரு ஆர்க் மினிட் என்பது 60 ஆர்க் செகண்ட்) மேல் தூக்கிக் காட்டும். அப்படியே போலார் ஸ்கோப்பில் (துருவ நட்சத்திரத்தைப் பார்த்து அச்சைச் சரிசெய்ய மவுண்டில் உள்ள சிறு தொலைநோக்கி) பார்த்து வைத்தால் நீண்ட எக்ஸ்போஷரில் கைடு நட்சத்திரத்தைச் சுற்றி மற்றவை எல்லாம் மெதுவாகச் சுழன்ற மாதிரி வரும். துருவ நட்சத்திரத்தை நம்பாமல், தலைக்கு மேல் ஒரு நட்சத்திரம், கிழக்கில் ஒரு நட்சத்திரம் என்று டிரிஃப்ட் முறையில் (நட்சத்திரம் எந்தப் பக்கம் மெல்ல விலகுகிறது என்று பார்த்து அச்சைத் திருத்துவது) சரிபார்ப்பது நேரம் பிடிக்கும், ஆனாலும் எனக்கு இதுதான் நம்பிக்கை. இன்னொன்று, இவ்வளவு தாழ்வான கோணத்தில் சில மவுண்ட்களில் எதிர் எடைக் கம்பி முக்காலிக் காலில் இடிக்கும், வாங்கும் முன்னே கேட்டுவிடுங்கள்.

சரி, நடுவில் வட்டமாகவும் மூலைகளில் மட்டும் வால் முளைத்த மாதிரியும் இருந்தால்? நான்கு மூலையிலும் வெளிப்பக்கம் பார்த்தபடி சமமாக இருந்தால் அது கோமா. எஃப்/5 கண்ணாடியில் அது பிறவியிலேயே உண்டு, அதைச் சரிசெய்ய கேமராவுக்கு முன்னால் போடும் லென்ஸான கோமா கரெக்டர் இல்லாமல் பெரிய சென்சாருக்குத் தீர்வு இல்லை. கரெக்டர் இருந்தும் வருகிறது என்றால் அதிலிருந்து சென்சாருக்கு உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். பலவற்றுக்கு 55 மி.மீ., நடுவில் 2 மி.மீ. ஃபில்டர் போட்டால் அதற்காக சுமார் 0.7 மி.மீ. கூட்ட வேண்டும். ஒரே ஒரு மூலை மட்டும் கெட்டிருந்தால் எங்கோ சாய்வு இருக்கிறது. கேமராவை மட்டும் 90 டிகிரி திருப்பி இன்னொரு படம் எடுங்கள். படத்தில் அதே மூலையே கெட்டிருந்தால் சாய்வு கேமராவில். கெட்ட இடம் வேறு மூலைக்குப் போனால் ஃபோக்கசரையோ காலிமேஷனையோ (கண்ணாடிகள் ஒரே நேர்கோட்டில் ஒத்துப்போவது) பார்க்க வேண்டும்.

காலிமேஷனுக்கு லேசர் வைத்திருப்பவர்கள் முதலில் லேசரையே சோதிக்கணும். அதை வி வடிவத் தாங்கியில் வைத்து உருட்டினால், சுவரில் விழும் புள்ளி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். வட்டம் போட்டால் அதை வைத்து என்ன சரிசெய்தாலும் தப்பாகத்தான் முடியும். பிரகாசமான நட்சத்திரங்கள் முக்கோணமாக வந்தால், பெரிய கண்ணாடியைப் பிடித்திருக்கும் மூன்று கிளிப்புகளும் இறுக்கமாக இருக்கின்றன. ஒரு தாள் நுழையும் அளவுக்குத் தளர்த்தினால் போதும்.

நட்சத்திரம் வட்டமாகவே இருக்கிறது, ஆனால் குண்டாகிக்கொண்டே போகிறது என்றால் ஃபோக்கஸ்தான். எஃப்/5-ல் ஃபோக்கஸ் சரியாக நிற்கும் இடம் மொத்தமே 55 மைக்ரான் அளவுதான். ஒரு மீட்டர் எஃகுக் குழாய் ஒரு டிகிரி குளிர்ந்தால் சுமார் 12 மைக்ரான் சுருங்கும். மாலையிலிருந்து நள்ளிரவுக்குள் 5 டிகிரி குறைந்தால் 60 மைக்ரான், அவ்வளவுதான், ஃபோக்கஸ் போய்விட்டது. அதனால் வெப்பநிலை 2 டிகிரி இறங்கும்போதெல்லாம் பக்தினோவ் மாஸ்க் (ஃபோக்கஸ் சரியா என்று காட்டும் கோடுகள் வெட்டிய மூடி) போட்டு மறுபடி பார்க்கிறேன், மோட்டார் ஃபோக்கசர் இருந்தால் படம் எடுக்கும் வேலையை நடத்தும் நினா மென்பொருளே பார்த்துக்கொள்ளும். மறுபடி ஃபோக்கஸ் செய்தும் குண்டாகவே இருந்து, சுற்றிலும் ஒளிவட்டமும் சேர்ந்து வந்தால் டார்ச்சை எடுத்துச் சின்னக் கண்ணாடியைப் பாருங்கள், பனி படிந்திருக்கும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் அதன் பின்னால் ஒரு சிறிய ஹீட்டர் இல்லாமல் நான் ஆரம்பிப்பதே இல்லை.

நாய்ஸ் கோடு கோடாக வந்தால் டார்க் ஃபிரேம்களை (மூடியைப் போட்டு எடுக்கும் இருட்டுப் படங்கள்) மட்டும் கூட்டிப் பயனில்லை, டிதரிங் (ஒவ்வொரு எக்ஸ்போஷருக்கும் இடையே தொலைநோக்கியைக் கொஞ்சம் நகர்த்துவது) போடுங்கள். தூசி வளையங்களுக்கு ஃபிளாட் (சீரான வெளிச்சத்தைப் பார்த்து எடுக்கும் படம்), அதையும் கேமராவைத் திருப்பாமல் அன்றைக்கே எடுங்கள்.

இத்தனையும் சரிசெய்த பிறகும் காற்றுக்கு என்னிடம் வழி இல்லை. இந்தக் குழாய் பெரியது, மலையில் கொஞ்சம் வேகமாக வீசினாலே படம் கெட்டுவிடும். முதல் தொலைநோக்கி வாங்குகிறவர்களுக்கு நான் 80 மி.மீ. ரிஃப்ராக்டர்தான் (கண்ணாடிக்குப் பதில் லென்ஸ் உள்ள தொலைநோக்கி) சொல்வேன். ஏற்கனவே இந்த நியூட்டோனியன் கையில் இருந்தால் விற்றுவிடாதீர்கள். ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து நம் ஊரில் 30 டிகிரி உயரம் வரை ஏறுகிறது, காற்றில்லாத ஏப்ரல் இரவில் அதை எடுத்துப் பாருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள்.