சூடான காற்று இன்ஜின் செட் வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

வீட்டில் ஸ்டிர்லிங் இன்ஜின் (வெளியே விளக்கால் சூடேற்றினால், உள்ளே அடைபட்ட காற்று விரிந்து சுருங்கி ஓட்டும் சூடான காற்று இன்ஜின்) செய்து பார்ப்பவர்களும், ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு ஒன்று வாங்கலாமா என்று தேடும் மாணவர்களும் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். "லேத்தில் கடைந்த முழு செட், பூட்டினால் ஓடும்" என்று வீடியோ போட்டு விற்கும் ஒருவரிடம் ரூ.6,800 கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பணத்தை விடுங்கள். அவர் அனுப்பிய பொருள் ஆபத்தானது. அதனால்தான் எழுதுகிறேன்.

பால் பவுடர் டப்பாவும் கண்ணாடி சிரிஞ்சும் வைத்து நானே செய்த இன்ஜின் ஒன்று நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அதை இன்னும் மேம்படுத்த, சுவர் மெல்லிசாக உள்ள ஒரு சூட்டு சிலிண்டர் தேவைப்பட்டது. இவர் 304 எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) குழாய், அரை மில்லிமீட்டர் சுவர், சக்கரத்தைச் சுற்ற வைக்கும் பிஸ்டனுக்கு 10 சி.சி. பவர் சிலிண்டர், எல்.இ.டி. எரிக்கும் ஜெனரேட்டர், மொத்தம் 20 வாட் என்று சொன்னார். முழுப் பணத்தையும் முன்னாலேயே ஜிபேயில் அனுப்பச் சொன்னார், அனுப்பினேன்.

வந்த குழாயில் சுவர் 2 மில்லிமீட்டர். பளபளவென்று இருந்தது. ஸ்பிரிட் விளக்கை ஏற்றி வைத்தால், கொஞ்ச நேரத்திலேயே குளிர்ந்திருக்க வேண்டிய பக்கமும் தொட முடியாமல் சுட்டது. ஃப்ளைவீலை, அதாவது இன்ஜினின் கனமான சக்கரத்தை, தள்ளிவிட்டால் நாலு சுற்று சுற்றி நின்றுவிடும். சந்தேகப்பட்டு அரத்தால் ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்தேன். உள்ளே மஞ்சள். பாத்ரூம் குழாய்களில் வரும் குரோமியம் பூசிய பித்தளைதான் அது. காந்தம் ஒட்டவில்லை பாருங்கள் என்று எஸ்.எஸ். என்பதற்கு ஆதாரமாக ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். பித்தளையிலும்தான் காந்தம் ஒட்டாது.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று புதிதாக வருபவர்களுக்குத் தோன்றலாம். இந்த இன்ஜினின் உயிரே ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர் என்ற இடைவெளிதான். 1816-ல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ராபர்ட் ஸ்டிர்லிங் வாங்கிய காப்புரிமையிலேயே, வெப்பம் வீணாகாமல் பிடித்து வைத்துத் திருப்பித் தரும் பகுதிக்குத்தான் முக்கிய இடம். 304 எஸ்.எஸ்.ஸைவிடப் பித்தளை ஏறக்குறைய ஏழு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். சுவரும் நாலு மடங்கு தடிமன் என்றால், விளக்கின் சூடு காற்றுக்குப் போகாமல் சுவர் வழியாகவே மறுபக்கம் ஓடிவிடும். டைமிங், பேலன்ஸ் என்று எதைத் திருத்தினாலும் பலன் இருக்காது. இது தெரியாத ஒரு மாணவன் தன்மேல்தான் குறை என்று நினைத்து இந்தப் பக்கமே வராமல் போய்விடுவான். எனக்கு அதுதான் வலிக்கிறது.

அப்படியானால் அவர் வீடியோவில் ஓடியது எப்படி? செட்டோடு வந்த "ஜெனரேட்டர்" ஒரு சாதாரண டி.சி. மோட்டார். அதற்கு 5 வோல்ட் கொடுத்தேன். விளக்கே ஏற்றாமல், வீடியோவில் பார்த்த அதே வேகத்தில் இன்ஜின் சுற்றியது, எல்.இ.டி.யும் எரிந்தது. வீடியோவைத் திரும்பப் பார்த்தால் விளக்கு ஏற்றிய கையோடு ஃப்ளைவீல் தானாகக் கிளம்புகிறது. இந்த வகை இன்ஜின் அப்படிக் கிளம்பாது. சூடேறக் காத்திருந்து, விரலால் ஒரு தட்டுத் தட்டி, மெதுவாகத்தான் வேகம் பிடிக்கும்.

20 வாட் என்பதும் பொய். வில்லியம் பீல் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயரில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. காற்றழுத்தம் பார் கணக்கில், பவர் பிஸ்டன் தள்ளும் அளவு சி.சி.யில், வினாடிக்கு எத்தனை சுற்று என்பது, மூன்றையும் பெருக்கி 0.015-ஆல் மறுபடி பெருக்க வேண்டும். சாதாரணக் காற்று (ஏறக்குறைய 1 பார்), 10 சி.சி., நிமிடத்துக்கு 600 சுற்று (வினாடிக்கு 10) என்றால் ஒன்றரை வாட். அதுகூட நன்கு சூடேறி ஓடும், நேர்த்தியாகச் செய்த இன்ஜினுக்குத்தான். மேசைமேல் வைக்கும் சின்ன இன்ஜின் ஃபோனுக்கு சார்ஜ் போடும் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இனி ஆபத்தான விஷயம். ஓடவில்லை என்று சொன்னதும், சிலிண்டரில் எண்ணெய் விடுங்கள், இன்னும் ரூ.1,500 தந்தால் சைக்கிள் பம்பால் காற்றடைக்கும் வால்வு தருகிறேன், பவர் ஏறும் என்றார். சூட்டு முனையின் மூடியை ஈயத்தால்தான் பற்றவைத்திருக்கிறார். அந்த ஈயக் கலவை 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும், ஸ்பிரிட் விளக்கின் சுடர் அதைத் தாண்டிவிடும். என் செட்டில் மூடி ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. உள்ளே அழுத்தக் காற்று இருந்திருந்தால் அது முகத்தை நோக்கிப் பறந்திருக்கும். அடைத்த காற்றில் எண்ணெய்ப் புகையும் சேர்ந்தால் வெடிக்கவே கூடும். தயவுசெய்து அந்த வால்வை வாங்காதீர்கள், வாங்கியிருந்தால் பூட்டாதீர்கள். சிரிஞ்சு வகை பிஸ்டனுக்கு எண்ணெயே வேண்டாம், பிசுபிசுத்து இழுக்கும். பென்சில் கரித்தூள் போதும்.

புகைப்படங்களை அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "உங்களுக்குப் பூட்டத் தெரியவில்லை சார்" என்று ஒரு பதில், அப்புறம் பிளாக். வீடியோவின் கீழே நான் போட்ட கருத்தையும் அழித்துவிட்டார். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். ரூ.5 லட்சம் வரையான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

யாரிடம் வாங்கினாலும், மோட்டாரைக் கழற்றிவிட்டு, ஆறிய நிலையில் விளக்கு ஏற்றுவதிலிருந்து வெட்டாத வீடியோவாகக் காட்டச் சொல்லுங்கள். பார்சலைப் பிரிப்பதையும் படம் பிடித்து வையுங்கள்.

ஏற்கெனவே இந்த செட்டை வாங்கியவர்கள் முழுதாகத் தூக்கிப் போட வேண்டாம். ஃப்ளைவீலும் கிராங்கும் பரவாயில்லை. பித்தளைக் குழாய்க்குப் பதிலாக, லேப் சாமான் கடையில் கிடைக்கும் போரோசிலிகேட் சோதனைக் குழாயைப் பொருத்துங்கள். டிஸ்பிளேசர் (உள்ளே காற்றைச் சூட்டுப் பக்கத்துக்கும் குளிர்ப் பக்கத்துக்கும் மாற்றித் தள்ளும் உருளை) சுவரில் உரசாமல் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் விடுங்கள். என்னுடையது இப்போது அப்படித்தான் ஓடுகிறது.